கவுண்டி ஜெயில்: சிறையா, மறியலா?

திருப்பூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் போன் செய்தார். கலிபோர்னியாவில் இருக்கும் அவருடைய மருமகன் குடித்துவிட்டுக் கார் ஓட்டி இரண்டாம் முறையாக மாட்டிக்கொண்டார். 45 நாள் ‘கவுண்டி ஜெயில்’ என்று தீர்ப்பு. “ஏனுங்க தம்பி, அது நம்ம கோயமுத்தூர் சென்ட்ரல் ஜெயில் மாதிரிங்களா?” என்று கேட்டார். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். அப்படியென்றால் என்ன என்று சொல்லத்தான் சரியான தமிழ்ச் சொல் வாயில் வரவில்லை.

‘கவுண்டி’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ‘கவுண்ட்’ என்ற பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட நிலம் என்பது பழைய பொருள். அமெரிக்காவில் இன்று அது மாநிலத்தின் உட்பிரிவு. நம் மாவட்டத்தைப் போல. லூசியானாவில் மட்டும் அதையே ‘பாரிஷ்’ என்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் கவுண்டி ஜெயிலை நடத்துபவர் ஷெரிஃப். அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி.

‘ஜெயில்’ என்ற சொல்லின் வேர் கூண்டைக் குறிக்கும் லத்தீன் சொல். ‘பிரிசன்’ பிடித்தல் என்ற பொருளுடைய வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. நாம் இரண்டையும் ஒன்றாகத்தான் பேசுகிறோம். அமெரிக்கச் சட்டத்தில் அவை இரண்டு. பிரிசன் மாநில அரசோ மத்திய அரசோ நடத்துவது. பொதுவாக ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்கள் போகும் இடம். ஜெயிலில் குறுகிய தண்டனைக்காரர்களும் இருப்பார்கள். ஆனால் அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். வழக்கு முடியவோ ஜாமீன் பணம் புரளவோ காத்திருப்பவர்கள். கலிபோர்னியாவில் கொஞ்சம் விலக்கு உண்டு. 2011இல் வந்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு, சில குற்றங்களுக்கு ஓராண்டைத் தாண்டிய தண்டனையையும் கவுண்டி ஜெயிலிலேயே கழிக்கிறார்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? ‘சிறை’ பழைய சொல். காவல், அணை, வேலி என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு. சங்க அகப்பாடல்களின் அடிக்குறிப்பில் தலைவன் ‘சிறைப்புறத்தானாக’ என்று வருமே, அங்கே அவன் ஜெயிலுக்கு வெளியே நிற்கவில்லை. வீட்டு வேலிக்கு அப்பால் நிற்கிறான். ‘மாவட்டச் சிறை’ என்று எழுதினால் பாதகமில்லை. ஆனாலும் ‘சிறை’ என்றதும் நம் காதில் தண்டனைதான் விழுகிறது, காத்திருப்பு விழுவதில்லை.

காத்திருப்பைச் சொல்லும் சொல் இலங்கைத் தமிழில் இருக்கிறது: விளக்கமறியல். வழக்கு முடியும்வரை ஒருவரைத் தடுத்து வைப்பது. இங்கே ‘விளக்கம்’ என்றால் நீதிமன்ற விசாரணை. ‘மறி’ என்றால் தடு. தமிழ்நாட்டில் மறியல் என்றதும் பஸ்ஸை நிறுத்தி ரோட்டில் உட்காருவதுதான் ஞாபகம் வரும்; இலங்கையில் ‘மறியல்’ என்றால் ஜெயிலேதான். கவுண்டி ஜெயிலை ‘மாவட்ட மறியற்சாலை’ என்றால் தண்டனை பெற்றவர், தீர்ப்புக்குக் காத்திருப்பவர் இருவரும் அதில் அடங்குகிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான். பத்திரிகைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது.

அக்காவின் அடுத்த கேள்வி ஊறுகாய் அனுப்பலாமா என்பது. முடியாது. வெளிச் சாப்பாடு எதுவும் உள்ளே போகாது. அங்கே ‘கமிஸரி’ என்று ஒரு கடை உண்டு. நூடுல்ஸ், சோப்பு, தபால்தலை கிடைக்கும். நம் ஊரில் இதை ஜெயில் கேன்டீன் என்போம், அந்தப் பெயரே போதும். அங்கே வாங்கப் பணத்தை அவர் கணக்கில் வெளியிலிருந்து கட்ட வேண்டும். இதை ‘புக்ஸில் பணம் போடுவது’ என்கிறார்கள். மகள் இப்படிச் சொன்னதைக் கேட்டு, நோட்டுப் புத்தகத்துக்குள் டாலரை வைத்து அனுப்பச் சொல்கிறாள் என்று அக்கா நினைத்துவிட்டார். ‘பேரில் பணம் கட்டுவது’ என்றால் நமக்குப் புரியும்.

சரண் அடையும் நாளில் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். நகை, வாட்ச் வீட்டில் இருக்கட்டும். செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் மனைவி நம்பரும் வக்கீல் நம்பரும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். இந்தக் காலத்தில் பொண்டாட்டி நம்பர் யாருக்கு மனப்பாடம்? மருமகன் ஒரு வாரம் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் படித்தாராம். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுபவர் மருந்துப் பெயர், அளவு, டாக்டர் பெயர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய், உள்ளே சேர்க்கும்போதே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே போனதும் ஒரு பதிவு எண் தருவார்கள். பணம் கட்ட, கடிதம் போட, பார்க்கப் போக, எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். தமிழ்நாட்டில் ஜெயிலில் இருப்பவரைப் பார்க்கப் போவதை ‘மனு பார்க்கப் போறேன்’ என்கிறார்களே, அந்த மனு அங்கே பல இடங்களில் வீடியோவில்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பாக்கியம்கூட இல்லை. சில ஜெயில்களில் கடிதத்துக்குப் பதில் தபால் அட்டை மட்டும்தான் வாங்குவார்கள். புத்தகம் என்றால் பதிப்பகத்திலிருந்தோ கடையிலிருந்தோ நேராக வர வேண்டும்.

போன் அழைப்பு பதிவாகும். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அழைப்புக் கட்டணம் பெரிய தலைவலி. சிறையிலிருந்த பேரனோடு பேச ஆன செலவைத் தாங்காமல் 2000இல் வழக்குப் போட்டவர் மார்த்தா ரைட் என்ற பாட்டி. இந்தக் கட்டணத்தை முறைப்படுத்த, அவர் பெயரையும் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானது. அப்போது அவர் உயிரோடு இல்லை. சான் பிரான்சிஸ்கோ கவுண்டி 2020லேயே அழைப்பை இலவசமாக்கிவிட்டது.

விடுதலை நாளில் ஒன்று கவனிக்க வேண்டும். நள்ளிரவுக்கு மேல் வெளியே அனுப்பும் ஜெயில்கள் உண்டு. உள்ளே வாங்கி வைத்த போனில் சார்ஜ் இருக்காது. கூட்டிப்போக யாராவது வாசலில் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், பக்கத்து வீட்டில் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று அக்கா கவலைப்பட்டார். ஜெயிலுக்கு நம் பேச்சில் ‘மாமியார் வீடு’ என்று ஒரு பெயர் உண்டே என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்துவிட்டார். “மாமியா வூட்டுக்குப் போயிருக்காருன்னா, இங்க வந்து தேடுவாங்க தம்பி!”