டிஸ்க்கில் இருக்கும் பாட்டு டிஜே மென்பொருளுக்கு ஏன் தெரிவதில்லை?

வரவேற்பு தொடங்க அரை மணி நேரம் இருந்தது. டிஜேவாக வாசிக்க வந்திருந்த என் தம்பி ஹார்டு டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினான். பாட்டுப் பட்டியல் வந்தது. கூடவே ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் ஓர் ஆச்சரியக்குறி. எதை இழுத்து டெக்கில், அதாவது மென்பொருளில் பாட்டு ஓடும் இடத்தில், போட்டாலும் கோப்பைக் காணவில்லை என்றது மென்பொருள். டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் அத்தனை பாட்டும் அதே ஃபோல்டரில் இருக்கிறது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

காரணம் சின்னதுதான். செருகும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் விண்டோஸ் ஓர் ஆங்கில எழுத்தை அடையாளமாகக் கொடுக்கும். வீட்டில் அந்த டிஸ்க்குக்குக் கிடைத்திருந்த எழுத்து ஈ (E). மண்டபத்தில் யாரோ கல்யாண வீடியோ இருந்த பென் டிரைவை முதலிலேயே செருகிவிட்டார்கள். ஈ அதற்குப் போய்விட, டிஸ்க்குக்கு எஃப் கிடைத்தது. பென் டிரைவைக் கழற்றி, டிஸ்க்கையும் எடுத்து மறுபடி செருகினோம். எல்லாப் பாட்டும் திரும்பி வந்தது.

டிஜே மென்பொருளின் லைப்ரரி என்பது ஒரு பதிவேடு. எந்தப் பாட்டு எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரி அதில் இருக்கும். பாட்டின் வேகம், தாளம் விழும் இடங்களைக் குறிக்கும் பீட் கிரிட், பிளேலிஸ்ட் எல்லாம் அந்த முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். சென்னையில் 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று வாசலில் எழுதியிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, கையில் பழைய எண்ணை மட்டும் வைத்திருப்பவர் தெருவில் அலைகிறார். மேக்கில் இதே கதை வேறு மாதிரி நடக்கும். ஒரே பெயருள்ள இரண்டு டிஸ்க்குகளைச் செருகினால், இரண்டாவதாக வந்ததன் முகவரியில் பெயருக்குப் பின்னால் 1 என்று சேர்ந்துவிடும். அசலைப் போலவே பெயர் வைத்த பேக்கப் டிஸ்க் இதில்தான் மாட்டிக்கொள்கிறது.

பதிவேடு எங்கே இருக்கிறது என்பது டிஜே மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். டிராக்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதுகிறது. செராட்டோ ஒவ்வொரு டிஸ்க்கிலும் தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போடுகிறது. ரெக்கார்ட்பாக்ஸ் கணினியில் ஒரு தரவுத்தளம் வைத்துக்கொண்டு, சிடிஜே என்ற டிஜே பிளேயர் கருவிக்கான பென் டிரைவில் தனியாக இன்னொன்றை ஏற்றுமதி செய்கிறது. அதனால்தான் வெறும் காப்பி பேஸ்ட்டில் பாட்டைப் பென் டிரைவுக்குக் கொண்டுபோனால், பாட்டு ஓடும், பாட்டில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று குறித்துவைத்த கியூ பாயிண்ட் வராது.

சரி, முகவரி சரியாகவே இருக்கிறது, ஆனால் அசல் டிஸ்க்கும் பேக்கப் டிஸ்க்கும் ஒத்துப்போகவில்லை என்றால்? பேக்கப் மென்பொருள் எதை வைத்து 'இது அதே கோப்பு' என்று முடிவு செய்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோப்பின் அளவும் கடைசியாக மாறிய நேரமும்தான். இரண்டுமே ஏமாற்றும். எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் அமைந்த டிஸ்க் நேரத்தை 2 விநாடித் துல்லியத்தில்தான் குறிக்கிறது, அதுவும் உள்ளூர் நேரமாக. என்டிஎஃப்எஸ் என்ற வேறு முறையில் அமைந்த லேப்டாப் டிஸ்க்கோ உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் கல்யாணத்துக்குப் போய் லேப்டாப் கடிகாரத்தை அந்த ஊருக்கு மாற்றினால், ஒரு கோப்பும் மாறாமலேயே எல்லாம் இரண்டரை மணி நேரம் தள்ளித் தெரியும். மொத்த லைப்ரரியும் மறுபடி காப்பியாகத் தொடங்கும்.

இதற்கு நேர் எதிரான பிழை இன்னும் மோசம். எம்பி3 கோப்பின் தலைப்பகுதியில் பாடகர் பெயர் போன்ற குறிப்புகளுக்கான இடத்தில் கொஞ்சம் காலியாகவும் விட்டிருப்பார்கள். செராட்டோ கியூ பாயிண்டை அந்தக் குறிப்புப் பகுதியிலேயே எழுதுகிறது. காலி இடத்துக்குள் அடங்கிவிட்டால் கோப்பின் அளவு ஒரு பைட் கூட மாறாது. அளவை மட்டும் பார்க்கும் பேக்கப், நேற்று இரவெல்லாம் உட்கார்ந்து வைத்த கியூக்களைத் தாண்டிப் போய்விடும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் வழியில் ஒப்பிட்டால் தப்பாது. ஆனால் அது ஒவ்வொரு பைட்டையும் படிக்கும். விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 500 ஜிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அப்புறம், தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றாக வரலாம். இல்லையென்றால் இரட்டைக் கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாகப் பிரிந்து வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைட்டுகள் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயரை எப்போதும் பிரித்தே எழுதும். விண்டோஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நாலு முறை காப்பி செய்தால், ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு பாட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பதிவேடு ஒன்றைத்தான் அறியும், நீங்கள் அழிப்பது அதுவாகவே இருக்கலாம். கொ, கௌ, ஔ எல்லாவற்றுக்கும் இதே நிலைமை. நம் எழுத்தில் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயரை மாற்றும் மென்பொருள்களில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி சிலவற்றில் உண்டு, ஒருமுறை ஓட்டிவிட்டால் போதும்.

ஒன்றில் செய்த மாற்றத்தை மற்றதிலும் செய்து இரண்டு டிஸ்க்கையும் ஒத்துப்போக வைக்கும் இருபக்க சிங்க் மட்டும் வேண்டாம். ஒரு டிஸ்க்கில் பாட்டு இல்லை என்றால், அங்கே அழித்தீர்களா, இங்கே புதிதாகச் சேர்த்தீர்களா என்று பழைய பதிவு கையில் இல்லாத மென்பொருளுக்குத் தெரியாது. பதிவேட்டுக் கோப்பையோ பாதி பாதியாகச் சேர்க்கவும் முடியாது. இரண்டு லேப்டாப்பில் இரண்டு பிளேலிஸ்ட் போட்டிருந்தால், கடைசியாகச் சேமித்தது மற்றதை விழுங்கிவிடும். ஒரு டிஸ்க்கை அசல் என்று வைத்துக்கொண்டு, டிஜே மென்பொருளை மூடிவிட்டு, அசலிலிருந்து மாற்று டிஸ்க்குக்கு ஒரே திசையில் காப்பி எடுங்கள்.

தம்பி இப்போது இரண்டு டிஸ்க்குக்கும் எம் என்ற எழுத்தையே கொடுத்திருக்கிறான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் இதை மாற்றலாம். அவ்வளவு தூரம் தள்ளிய எழுத்தைப் பென் டிரைவ் எதுவும் பிடிக்க வருவதில்லை. காப்பி எடுக்கும்போது இரண்டும் ஒன்றாகச் செருகியிருப்பதால் ஒன்றின் எழுத்து மாறிவிடும். அதனால் முடிந்த பிறகு மாற்று டிஸ்க்கை மட்டும் தனியாகச் செருகி, எழுத்தைச் சரிபார்த்து, பத்துப் பாட்டை டெக்கில் போட்டுக் கேட்ட பிறகுதான் பையில் வைக்கிறான்.