வரி அமெரிக்காவில், வெட்டு பீஸ் ரேட்டில்

"அமெரிக்காக்காரன் போட்ட வரிக்கு என் கூலியில ஏன் சார் கை வைக்கறாங்க?" 2025-ன் கடைசி மாதங்களில் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். சட்டம் பேசுவதற்கு முன் அந்த வரிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு டாலருக்கு ஏற்றுமதியாகும் பருத்தி டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதற்கு வழக்கமான சுங்க வரி 16.5 சதவீதம், அதாவது 66 சென்ட். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அன்றைய கணக்கில் ஒரு டி-ஷர்ட்டுக்கு மொத்த வரி 2 டாலர் 66 சென்ட். அப்போது வங்கதேசத்துக்குக் கூடுதல் வரி 20 சதவீதம்தான். அங்கிருந்து அதே விலைக்குப் போகும் சட்டைக்கு வரி 1 டாலர் 46 சென்ட். ஒரு டாலர் 20 சென்ட் வித்தியாசம். சில சென்ட்டுக்குப் பேரம் பேசும் தொழிலில் இது தாங்கக்கூடிய தொகை இல்லை.

இந்த வரியைச் சுங்கத்தில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான். ஆனால் பையரான அவர் நம் ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லை ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றுவார். ஏற்றுமதி நிறுவனம் தையலை வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க் ரேட்டைக் குறைக்கும். தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்காரரால் வாடகையையும் கரண்ட் பில்லையும் குறைக்க முடியாது. அவர் கைக்கு எட்டுவது, ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று டெய்லருக்குத் தரும் பீஸ் ரேட்டும், செக்கிங் ஆட்கள், கைமடி என்ற உதவியாட்கள் ஆகியோரின் ஷிப்ட்டும்தான்.

சரி, வரியே இல்லாத வணிகம்தான் தொழிலாளிக்கு நல்லதா? அப்படியும் சொல்ல மாட்டேன். ஒரு நாட்டிலிருந்து இவ்வளவுதான் இறக்குமதி செய்யலாம் என்று துணிக்கும் ஆயத்த ஆடைக்கும் 1974 முதல் இருந்த கோட்டா முறை 2004 டிசம்பர் 31-உடன் முடிந்தபோது திருப்பூருக்கு வாசல் அகலமானது. மறுபக்கம், வெளிநாட்டுத் துணியின் போட்டியில் அமெரிக்க ஆலைகள் அதற்கு முன்பே சரிந்துகொண்டிருந்தன. 2003-ல் பில்லோடெக்ஸ் என்ற துணி ஆலை நிறுவனம் மூடப்பட்டபோது வட கரோலினாவின் கன்னாபொலிஸ் ஊரே வேலையிழந்து நின்றது. இறக்குமதியால் வேலை போனவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தர அமெரிக்கா 1962-ல் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. 2022 ஜூலை முதல் அதில் புதியவர்களைச் சேர்ப்பது நின்றுபோனது. பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவியை நிறுத்திவிட்டு, அவர்கள் பெயரைச் சொல்லியே வரி போடுவதை என்னால் நியாயமாகப் பார்க்க முடியவில்லை. 2018-ல் வாஷிங் மெஷினுக்கு வரி போட்டு அங்கே உருவான வேலைகள் சுமார் 1,800 என்று பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். விலை உயர்ந்ததால் ஒவ்வொரு வேலைக்கும் மக்கள் கொடுத்தது சுமார் 8 லட்சம் டாலர்.

நம் பக்கமும் இதே சிக்கல் உண்டு. 2021-ல் பருத்தி இறக்குமதிக்கு இந்தியா 11 சதவீத வரி போட்டது. பருத்தி விவசாயிக்கு அது வேலி. நூற்பாலைக்கும் பனியன் தொழிலுக்கும் சுமை. 2025 ஆகஸ்டில் அதைத் தற்காலிகமாக நீக்கியபோது விவசாயிகள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபமும் நியாயமானதுதான்.

வரி ஏறுவதோ இறங்குவதோ தொழிலாளி கையில் இல்லை. யாருக்கு ஈடு கிடைக்கிறது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். 2025 நவம்பரில் மத்திய அரசு ஏற்றுமதியாளர்களின் கூடுதல் கடனுக்கு 20,000 கோடி ரூபாய் வரை உத்தரவாதம் அறிவித்தது. தேவையான உதவிதான். ஷிப்ட் இழந்த டெய்லருக்கும் அந்த அளவு அக்கறை காட்டியிருக்க வேண்டும்.

இருக்கிற உரிமையையாவது விடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஆர்டர் இல்லையென்று லே-ஆஃப் (வேலையிலிருந்து நீக்காமல் தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்துவது) கொடுத்தால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி தர வேண்டும். அந்த நாட்களில் தினமும் ஒருமுறை கம்பெனிக்குப் போய் ஆஜராக வேண்டும். இது தெரியாமல் பலர் வீட்டிலேயே இருந்து இழப்பீட்டை இழக்கிறார்கள். ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஊர் திரும்பும் தொழிலாளர்களுக்கு இது இன்னும் பெரிய இழப்பு.

ஆட்குறைப்பு என்றால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அப்புறம் வேறு திறன் கற்க உதவும் மறுதிறன் நிதியாக இன்னும் 15 நாள் சம்பளம். இந்த மறுதிறன் தொகை 45 நாட்களுக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் அது ராஜினாமா. மேலே சொன்ன மூன்றும் போய்விடும்.

இவற்றைக் கேட்க வேலை பார்த்ததற்கான ஆதாரம் வேண்டும். கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களிடம் பெரும்பாலும் அது இருப்பதில்லை. இஎஸ்ஐ எண், பிஎஃப் பாஸ்புக், சம்பளம் ஏறிய வங்கிப் பதிவு, பீஸ் கணக்கு எழுதிய நோட்டு, மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் ஆதாரம்தான். வேலை இருக்கும்போதே எடுத்து வையுங்கள். வேலை போய்விட்டால், சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் இஎஸ்ஐ திட்டம் அப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். வாழ்நாளில் ஒருமுறைதான் அதைப் பெறலாம்.