உடைந்த விளிம்பைப் பாருங்கள்

பினாங்கின் பிறை ஊரில் உள்ள எங்கள் பட்டறைக்குச் சொந்தப் படகு வைத்திருக்கும் ஓர் அண்ணன் வந்தார். கையில் உடைந்த ஃபைபர் துண்டு, அதாவது கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து இறுகவிட்ட தகடு. "ரெசின் மட்டம் தம்பி, நல்லதா வேற போடு" என்றார்.

துண்டை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விளிம்பில் இழைகள் தலைமுடி போல நீட்டிக்கொண்டிருந்தன, அத்தனையும் பளபளவென்று. ஒன்றில்கூட ரெசின் ஒட்டியிருக்கவில்லை. "ரெசின் மேல பழி போடாதீங்கண்ணே, அது இழையைப் பிடிக்கவே இல்ல" என்றேன்.

விசாரித்ததில், முன்பு பழுது பார்த்தவர் சாதாரண சாப்ட் மேட்டில் (நறுக்கிய கண்ணாடி இழைகளால் ஆன விரிப்பு) எபாக்சி என்ற விலை கூடிய ரெசினை ஊற்றியிருக்கிறார். அந்த மேட்டின் துண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. பசை அப்படியே நின்றுவிடும், ரெசின் உள்ளே இறங்காது. விலை கூடிய பொருள் என்பதால் மட்டும் அது ஒட்டிவிடாது.

கண்ணாடி இழைக்குத் தொழிற்சாலையிலேயே சைலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள் கலந்த பூச்சு போட்டுத்தான் அனுப்புகிறார்கள். சைலேனின் ஒரு முனை கண்ணாடியைப் பிடிக்கும், மறுமுனை ரெசினைப் பிடிக்கும். எந்த ரெசினுக்கான பூச்சு என்று கேட்டு வாங்குங்கள். பினாங்குப் புழுக்கத்தில் சுருளைத் திறந்து போடாதீர்கள், வியர்த்த கையால் தொடாதீர்கள்.

கெனாஃப் போன்ற தாவர நார் வேறு கதை. (நம் புளிச்சக்கீரை வகையைச் சேர்ந்த செடிதான் அது.) மேலே மெழுகும் பிசுக்கும் இருக்கும். 5% அளவு காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, காரம் போகும்வரை அலசி, நன்றாகக் காயவைத்தால் மெழுகு போய் நார் சொரசொரப்பாகும். அப்புறம் ரெசின் பற்றிக்கொள்ளும். கரைசல் காரமாக இருந்தால் இன்னும் நல்லது என்று கூட்டிவிடாதீர்கள். மெழுகோடு நாரின் பலமும் போய்விடும். கையுறை, கண் கவசம் கட்டாயம். சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

பழைய படகில் புதுப் படலம் போடும்போது முதலில் மேலே இருக்கும் மெழுகை அசிட்டோனால் துடையுங்கள், பிறகு உப்புத்தாளால் தேயுங்கள். நான் தொடக்கத்தில் இதை மாற்றிச் செய்து, மெழுகைக் கீறல்களுக்குள்ளேயே தேய்த்து ஏற்றியிருக்கிறேன். தேய்த்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப்பசை போகவில்லை. சீராகப் பரவினால் சரி, உலரவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

அண்ணன் படகுக்குப் பழையதைச் சீவி எடுத்துவிட்டு பாலியெஸ்டரே போட்டோம். கூடவே ஒரு மாதிரித் துண்டும் செய்து கொடுத்தேன். அதை வளைத்து உடைத்து விளிம்பைப் பார்த்தார். இழைகள் ரெசினோடு சேர்ந்தே கிழிந்து மங்கலாக இருந்தன.