அறிவு நேர்மை: சொல்லும் பொருளும்

‘இன்டெலெக்சுவல் ஹானஸ்டி’ என்பதைச் சிலர் ‘அறிவார்ந்த நேர்மை’ என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் நேர்மையே அறிவு படைத்தது என்றாகிவிடும். ‘அறிவு நேர்மை’ என்பதே சரி. ‘ஹானஸ்டி’ மானம், மதிப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் ‘நேர்மை’க்கு வேர் ‘நேர்’. கோணாதது என்று பொருள்.

இந்தக் கருத்துக்குத் தமிழில் பழைய தொடர் ஒன்று உண்டு. ‘காய்தல் உவத்தல் அகற்றி ஒருபொருட்கண் ஆய்தல் அறிவுடையார் கண்ணதே’ என்கிறது முனைப்பாடியாரின் அறநெறிச்சாரம். காய்தல் வெறுப்பது, உவத்தல் விரும்புவது. வெறுத்தால் ஒன்றன் குணம் கண்ணில் படாது, விரும்பினால் குற்றம் படாது என்று அதே வெண்பா காரணமும் சொல்லிவிடுகிறது. வரலாறு எழுதுகிறவர்களை அதிகம் வீழ்த்துவது இரண்டாவதுதான் என்பேன்.

உத்தரமேரூரை எடுத்துக்கொள்வோம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் அங்கே வெட்டப்பட்டவை குடவோலைக் கல்வெட்டுகள். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்பவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறது கல்வெட்டு. முன்பு வாரிய உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. இவ்வளவையும் மேடைதோறும் கேட்கிறோம். இவற்றுள் 921ஆம் ஆண்டுக் கல்லிலேயே, கால் வேலிக்கு (வேலி ஒரு பழைய நில அளவு) மேல் இறை, அதாவது வரி, செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. வேதமும் பாஷ்யமும் (உரைநூல்) விளக்க வல்லவருக்கு அரைக்கால் வேலியே போதும். அது பிராமணர்களுக்குத் தானமாக வந்த ஊரின் சபை. உழுத குடிகளின் பெயர் ஓலையில் ஏற வழியே இல்லை.

உவப்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிட்டு ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்கிறார்கள். காய்பவர்களோ, கணக்குக் காட்டாதவனை விலக்கிய அந்த அருமையான விதியைக் கண்டுகொள்வதில்லை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும், கசந்தாலும்.

‘நடுநிலை’ இதற்கு முழுதும் ஈடாகாது. அது இரு தரப்புக்கு இடையே நிற்பதைக் குறிக்கும். ஒரு தரப்பிடம் சான்றே இல்லாதபோது நடுவில் நிற்பது நேர்மையாகாது. ஆளைச் சொல்லும்போது ‘அறிவு நேர்மை’ என்றும், பணியைச் சொல்லும்போது ‘ஆய்வு நேர்மை’ என்றும், வினையோடு சேர்க்கையில் ‘காய்தல் உவத்தல் இன்றி’ என்றும் எழுதலாம்.