அமுக்க வேண்டியது வயிற்றை அல்ல

அந்தமானில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் கூடும்போது, கடலிலிருந்து நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறவர்களின் எண்ணிக்கையும் கூடிவிடுகிறது. அண்மையில் கொண்டுவரப்பட்டவர் அறுபது வயதைக் கடந்தவர். தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்துடன் வந்து, பவளப்பாறை பார்ப்பதற்காகப் படகில் சென்றவர். மார்பளவு நீரில் முகக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மிதந்துகொண்டிருந்தவர் அசைவற்றுப்போனதைச் சிறிது நேரம் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்தவுடன் கரைக்குத் தூக்கிவந்தவர்கள், முதலில் அவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினார்கள். பிறகு மல்லாத்தி வயிற்றை அமுக்கினார்கள். அதன் பிறகு இருவர் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவும் முயன்றார்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும் என்று அங்கிருந்த எவருக்கும் தோன்றவில்லை. “தண்ணியையெல்லாம் எடுத்துட்டோம், டாக்டர்” என்று அவருடைய மகன் என்னிடம் சொன்னார். எங்களால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இதே வாக்கியத்தை வெவ்வேறு குடும்பங்களிடமிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் திரைப்படங்களில் கதாநாயகி ஆற்றிலோ குளத்திலோ விழுவாள். கதாநாயகன் கரையேற்றி வயிற்றில் இரண்டு முறை அமுக்குவான். வாயிலிருந்து நீர் பீய்ச்சியடிக்கும். அவள் இருமிக்கொண்டே கண் திறப்பாள். அரை நூற்றாண்டாக இதையே பார்த்து வளர்ந்த மக்கள், நீரில் மூழ்கியவரின் உடலில் நிறைந்திருக்கும் நீர்தான் நோய் என்றும், அதை வெளியேற்றுவதுதான் மருத்துவம் என்றும் நம்புவதில் வியப்பில்லை. கிராமங்களில் மூழ்கியவரைத் தலைக்கு மேல் வைத்துச் சுழற்றுவதும் இதே நம்பிக்கையின் இன்னொரு வடிவம்தான்.

பொறுமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். வயிற்றுக்குப் போகும் பாதை வேறு, நுரையீரலுக்குப் போகும் பாதை வேறு. மூழ்கும்போது விழுங்கிய நீர் வயிற்றில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும், அதனால் அந்த நேரத்தில் எவரும் இறப்பதில்லை. நுரையீரலுக்குள் போகும் நீரோ பெரும்பாலும் நீங்கள் கற்பனை செய்யும் அளவைவிட மிகக் குறைவு. அந்தச் சிறிதளவு நீரே நுரையீரலின் நுண்ணறைகளைப் பழுதாக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதை வயிற்றை அமுக்கியோ தலைகீழாகத் தொங்கவிட்டோ வெளியே எடுக்க இயலாது. நீங்கள் அமுக்கும்போது வாய் வழியாகக் கொட்டுவது வயிற்றிலிருந்த கடல்நீரும் காலையில் உண்ட உணவும்தான். நினைவிழந்தவருக்கு மூச்சுக்குழாயைக் காத்துக்கொள்ளும் இருமல் இருக்காது என்பதால், அந்த வாந்தி நேராக நுரையீரலுக்குள் இறங்குகிறது. ஆக, நீங்கள் வெளியேற்றிய நீர் ஆபத்தில்லாதது, உள்ளே அனுப்பிய வாந்தி ஆபத்தானது, இழந்த நிமிடங்களோ திரும்பக் கிடைக்காதவை. பிராணவாயு இல்லாமல் நான்கைந்து நிமிடங்கள் கடந்தாலே மூளை பழுதடையத் தொடங்குகிறது.

படித்தவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டால் மேல்வயிற்றை அழுத்தி வெளியேற்றும் முறையை 1974-இல் அறிமுகப்படுத்திய அமெரிக்க மருத்துவர் ஹென்ரி ஹைம்லிக், நீரில் மூழ்கியவர்களுக்கும் அதே முறையைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். மருத்துவ அமைப்புகள் அதை ஆராய்ந்து நிராகரித்துவிட்டன. அவ்வளவு புகழ்பெற்ற மருத்துவர் சொல்லியே ஏற்கப்படாத ஒன்றைத் திரைப்படத்தை நம்பிச் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். நீரிலிருந்து எடுத்தவரைக் கடினமான சமதளத்தில் மல்லாத்திக் கிடத்துங்கள். படகில் இருந்தால் படகின் தளத்திலேயே தொடங்குங்கள், படகுத்துறை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால், தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு, நெஞ்சு எழும்பும்படி வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். முதலில் ஐந்து முறை ஊத வேண்டும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல், இரண்டு முறை என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். எதையாவது ஒன்றைச் செய்யுங்கள், கரையில் நின்று விவாதிக்காதீர்கள். அதன் பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலான வேகத்தில், சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 30 முறை அழுத்துங்கள். மீண்டும் இரண்டு முறை ஊதுங்கள். இதையே ஆட்களை மாற்றிக்கொண்டு நிறுத்தாமல் தொடருங்கள். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைப்பதிலேயே நேரத்தைக் கழிக்காமல் அதன் மேலேயே ஊதுங்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் திருப்பி, வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து ஏங்குவது மூச்சு ஆகாது. அதைப் பார்த்து “உயிர் வந்துவிட்டது” என்று கைகளை எடுத்துவிட வேண்டாம்.

நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று சொல்லும் காணொளிகள் பல உலவுகின்றன. நடைபாதையில் திடீரென்று மாரடைப்பால் சாய்ந்தவருக்குப் பயிற்சி இல்லாத ஒருவர் செய்வதற்கு அது பொருந்தும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் நின்றது மூச்சு, அதன் விளைவாகத்தான் இதயம் நிற்கிறது. அவருடைய இரத்தத்தில் பிராணவாயுவே இல்லாதபோது அந்த இரத்தத்தை மட்டும் சுற்றவைத்து என்ன பயன்? ஊதத்தான் வேண்டும்.

இனி, கவனிக்காமல் விட்டது பற்றி. மூழ்குகிறவர் கைகளை வீசிக் கூச்சலிடுவார் என்று எதிர்பார்க்கிறவர்களே அதிகம். மூச்சுக்குத் திணறுகிறவரால் கத்த முடியாது என்பதை விளக்க வேண்டிய தேவை இருக்காது என்று நம்புகிறேன். மூச்சுக்குழல் வைத்து மிதந்தபடி பவளப்பாறை பார்க்கும் ஸ்நார்க்கலிங்கில் இந்தச் சிக்கல் இன்னும் கொடியது. ஏனென்றால், அதைச் சரியாகச் செய்கிறவரும் முகத்தை நீரில் கவிழ்த்து, கைகால்களைத் தளர்த்தி, அமைதியாக மிதக்கிறார். நினைவிழந்தவரும் அப்படியே மிதக்கிறார். கரையிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறாரே என்ற ஆறுதலும் வேண்டாம். சுற்றுலாப் படகுகளில் தரப்படும் சாதாரண நுரைச் சட்டை ஆளை மிதக்கவைக்கும், அவ்வளவுதான். நினைவிழந்தவரை மல்லாத்தி முகத்தை வானம் பார்க்கத் திருப்பிவிடும் ஆற்றல் அவற்றுள் பலவற்றுக்கு இல்லை. இடுப்பு வாரைக் கட்டாமல் தோளில் மாட்டிக்கொள்வதைப் பற்றி என்ன சொல்வது, நீரில் இறங்கியவுடன் அது காதுவரை ஏறிவிடுகிறது.

ஆகவே நீரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது. படம் எடுக்க வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டோ கூப்பிட்டோ கையை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் உடனே முகத்தைத் தூக்குங்கள், அவர் எரிச்சலடைந்தால் அடையட்டும். குழந்தைகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஹேவ்லாக் தீவின் எலிஃபன்ட் பீச்சில் வழிகாட்டிகள் ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துச் செல்வார்கள். அவர்களுள் பெரும்பாலோர் திறமையானவர்கள்தான், ஆனால் ஒரே வளையத்தில் இருவரையும் மூவரையும் பிடிக்கவைத்து இழுக்கிறவரால் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல்முறை என்றால் தனியாக அழைத்துச் செல்லச் சொல்லிக் கேளுங்கள். மூக்கால் மூச்சு விடாமல் வாயால் மட்டும் விடுவதை இடுப்பளவு நீரில் நின்றபடியே சில நிமிடங்கள் பழகுங்கள்.

ஐம்பது வயதைக் கடந்தவர்களையும் இரத்த அழுத்தம், இதயநோய், சர்க்கரை நோய் உள்ளவர்களையும் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். கழுத்தளவு நீரில் மிதக்கும்போது கைகால்களிலிருந்து இரத்தம் நெஞ்சுப் பகுதிக்கு நகர்கிறது. குறுகிய குழல் வழியாக வலிந்து மூச்சிழுப்பது அதன் மேல் சேரும் சுமை. ஒரு சொட்டுக் கடல்நீரும் உள்ளே போகாமலேயே நுரையீரலில் நீர்கோத்துக்கொள்வதுண்டு. காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், இருமல் வந்தால், நெஞ்சு இறுகினால், கால் திடீரென்று தளர்ந்தால் உடனே நிறுத்துங்கள். கண்ணாடியைக் கழற்றி, தலையை உயர்த்தி, நீரைவிட்டு வெளியேறுங்கள். “கட்டிய பணம் வீணாகிவிடுமே” என்று அதே நீரில் மேலும் பத்து நிமிடம் இருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

மாத்திரை விஷயத்தில் நம்மவர்கள் செய்வதைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பும் கோபமும் வரும். படகில் கழிப்பறை இருக்காது என்று சிறுநீர் பிரியச் செய்யும் இரத்த அழுத்த மாத்திரையைத் தாங்களாகவே அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை மாத்திரையையோ தவறாமல் போட்டுக்கொள்வார்கள். ஆனால் விடியற்காலைக் கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று காலை உணவைத் தவிர்ப்பார்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு கடலில் இறங்கினால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். அப்போது வரும் வியர்வையையும் நடுக்கத்தையும் மயக்கத்தையும் கடல் ஒவ்வாமை என்று எண்ணி, வாந்தி நிற்க ஒரு மாத்திரையைக் கொடுக்கிறார்கள். அந்த வாந்தி மாத்திரைகளுள் பலவும் தூக்கத்தை வரவழைப்பவை. அதைப் போட்டவர் படகிலேயே அமர்ந்து கடலை ரசிக்கட்டும். மது அருந்தியவரும் அப்படியே. வலிப்பு நோய் உள்ளவர், தன் மருத்துவர் அனுமதித்தாலன்றி, இறங்கவே கூடாது.

மதிய உணவைப் பற்றி ஒரு சொல். சாப்பிட்டுவிட்டு நீந்தினால் தசை பிடித்து மூழ்கிவிடுவார்கள் என்ற பழைய அச்சத்துக்குத் தக்க சான்றில்லை. ஆயினும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அலையில் மிதப்பவருக்கு வாந்தி வரும், வாயில் குழல் இருக்கும்போது வரும் வாந்தி விளையாட்டல்ல. அதனால் பவளப்பாறையை முதலில் பாருங்கள், பிறகு சாப்பிடுங்கள். வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குச் செல்கிறவர்கள், அங்கே கடைகள் இல்லை என்பதால் உணவைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். முதல்நாள் இரவு வடித்த சாதத்தில் கிளறிய எலுமிச்சைச் சாதத்தை மறுநாள் மதியம்வரை வெயிலில் வைத்திருந்து உண்டால், மாலையில் அந்தக் குடும்பம் முழுவதையும் நாங்கள் பார்க்க நேரிடும். காலையில் கிளறிய புளியோதரை பரவாயில்லை; ரொட்டியும் பழமும் இன்னும் நல்லது.

படகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014 ஜனவரி 26 அன்று ரோஸ் தீவுக்கும் நார்த் பேவுக்கும் இடையே கவிழ்ந்த சுற்றுலாப் படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களுள் பலர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். படகில் எத்தனை பேருக்கு அனுமதி என்பதை ஏறும் முன்பே கேளுங்கள், கூட்டம் அதிகமென்றால் இறங்கி அடுத்த படகில் செல்லுங்கள், அலுத்துக்கொள்ளாமல் லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வார்களையும் கட்டுங்கள். இன்னொன்று: முதியவர்களை விரைவுப் படகின் முன்பகுதியில் உட்காரவைக்காதீர்கள். அலையில் எகிறி விழும்போது முன்பகுதிதான் அதிகம் மோதும். எலும்பு தேய்ந்த பாட்டிமார்களுக்கு அந்த ஒரு மோதலிலேயே முதுகெலும்பு நொறுங்கிவிடுவதுண்டு. பின்னால், நடுவில் உட்காரவையுங்கள்.

அவசரத்துக்கு 112-ஐ அழையுங்கள். கடலில் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணும் உண்டு. பல தீவுகளில் கைபேசி வேலை செய்யாது, அங்கே படகோட்டியின் கம்பியில்லாக் கருவியே துணை. அது இயங்குகிறதா என்று புறப்படும் முன் கேட்பதில் தவறில்லை. நீரில் தத்தளித்துக் கரையேறியவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும், சற்று நேரமேனும் நினைவிழந்திருந்தால், இருமல் நிற்காவிட்டால், வாயில் நுரை வந்திருந்தால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். சில மணி நேரமாவது கண்காணிக்க வேண்டும். மாறாக, ஒரு வாய் உப்புநீரைக் குடித்துவிட்டு உடனே சிரித்து விளையாடும் குழந்தை “ஒரு வாரம் கழித்து உலர்ந்தபடியே மூழ்கி இறந்துவிடும்” என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பித் தூக்கம் கெட வேண்டாம். மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் இல்லை. வரும்போது எங்களுக்கு வேண்டியவை மூன்று செய்திகள்: எவ்வளவு நேரம் நீரில் கிடந்தார், எப்போது ஊதத் தொடங்கினீர்கள், வழக்கமாக என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரை அட்டைகளை விடுதி அறையில் வைத்துவிடாமல் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.