கழற்றி மாட்டிய சக்கரத்தில் ஸ்டட் உடைந்தால்

என் காரின் துருப்பிடித்திருந்த பழைய ஸ்டீல் ரிம்களைச் சுரண்டி, கறுப்பு எனாமல் பெயின்ட் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து நானே மாட்டினேன். பத்து நாள், சுமார் 400 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பின்னால் இடது பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் நான்கு ஸ்டட்டில் (சக்கரத்தின் துளை வழியே நீட்டிக்கொண்டிருக்கும், நட் மாட்டுகிற மரைத்தண்டு) ஒன்று நட்டோடு சேர்ந்து காணவில்லை, இன்னொன்றின் நட்டைத் தொட்டதுமே உடைந்த துண்டோடு கையில் வந்துவிட்டது. மீதி இரண்டை நம்பித்தான் என் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்று புரிந்தபோது கை நடுங்கியது. வந்து பார்த்த மெக்கானிக் முதலில் கேட்டது, “சார், பைப் போட்டு ஏறி மிதிச்சு டைட் பண்ணீங்களா?”

இல்லை. எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து, வைத்த அளவு வந்ததும் ‘க்ளிக்’ என்னும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன 85 நியூட்டன் மீட்டருக்குச் சரியாக இறுக்கியிருந்தேன். அப்படியிருந்தும் ஏன் உடைந்தது? இதற்குப் பதில் வேண்டுமென்றால், ஸ்டட் என்ன வேலை செய்கிறது என்பதில் நம்மில் பலருக்கு இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சட்டையை ஆணியில் மாட்டுவது போலச் சக்கரம் ஸ்டட்டில் தொங்குகிறது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் வண்டியின் எடையும் பிரேக்கின் விசையும் ஸ்டட் மேல் நேராக விழுவதே இல்லை, விழவும் கூடாது. ஏழெட்டுப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், நடுவில் உள்ள புத்தகத்தை யாரும் தாங்கவில்லை, ஆனாலும் அது விழாது. அழுத்தம் தரும் உராய்வுதான் அதைப் பிடித்திருக்கிறது. சக்கரத்துக்கும், அது பொருந்தி உட்காரும் ஹப்புக்கும் நடுவில் இருப்பதும் அதே பிடிதான், அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் கைகள்தான் ஸ்டட்டும் நட்டும்.

எவ்வளவு அழுத்தம் என்று ஒரு சின்னக் கணக்கு போடலாம். இறுக்கும் டார்க்கை, அதாவது முறுக்கை, ஸ்டட்டின் விட்டத்தாலும், மரைகளின் உராய்வைக் குறிக்கும் சுமார் 0.2 என்ற எண்ணாலும் வகுத்தால் ஸ்டட் எவ்வளவு இழுபடுகிறது என்று தோராயமாக வந்துவிடும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், 85 நியூட்டன் மீட்டர் என்றால் விடை சுமார் 35,000 நியூட்டன், அதாவது மூன்றரை டன். நான்குக்கும் சேர்த்து 14 டன்! நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதி நட்டின் முகத்திலும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது, பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் பயன்படுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால்தான் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவுவது ஆபத்து. உராய்வு குறைந்து, அதே 85க்கு ஸ்டட் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபட்டுவிடும். கையேடு வேறு மாதிரி சொல்லாதவரை மரை சுத்தமாக, உலர்ந்து இருப்பதே நல்லது.

இழுபடுகிறது என்றால் எஃகு நிஜமாகவே நீள்கிறது. ஸ்டட் ஒரு ஸ்பிரிங். நட்டுக்கும் ஸ்டட்டின் தலைக்கும் நடுவில் இருக்கும் சுமார் 2 சென்டிமீட்டர், மூன்றரை டன் இழுவையில் எவ்வளவு நீளும் தெரியுமா? ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர். நாம் எழுதும் தாளின் தடிமனில் பாதிகூட இல்லை. 14 டன் பிடி முழுக்க அந்த அணுவளவு நீட்சியில்தான் இருக்கிறது.

இப்போது என் பெயின்ட்டுக்கு வருகிறேன். இரண்டு கோட் எனாமல் காய்ந்தபின் அந்த 0.04 மில்லிமீட்டரைவிடத் தடிமனாகவே இருக்கும். ரிம்மின் பின்முகத்திலும், நட் உட்காரும் குழிகளிலும் அதை அழகாக அடித்து வைத்திருந்தேன். அன்று டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றது பொய்யில்லை, அந்த நிமிடம் இறுக்கம் சரியாகவே இருந்தது. ஆனால் ஓட ஓட, பிரேக் சூட்டில் இளகி, டன் கணக்கான அழுத்தத்தில் நசுங்கி, பெயின்ட் ஓரமாகப் பிதுங்கிவிட்டது. அது விட்ட இடத்தில் ஸ்டட் தன் நீட்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நட் ஒரு சுற்றுகூடத் திரும்பவில்லை, ஆனாலும் பிடி போய்விட்டது. துருப்பொருக்கு, சேறு, ஹப்பில் ஒட்டிய மணல் எல்லாமே இதைத்தான் செய்யும்.

பிடி போனபின் நடப்பது வேறு. சக்கரம் ஹப்பின் மேல் துளித்துளியாக நகரும், அந்த அசைவை ஸ்டட் வளைந்து வளைந்து வாங்கிக்கொள்ளும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போமே, அதேபோல. ஸ்டட் கண்ணுக்குத் தெரிய வளையாதுதான், ஆனால் எண்ணிக்கை ஈடுகட்டிவிடுகிறது. சிறிய காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 550 முறைக்கு மேல் சுற்றும், 400 கிலோமீட்டருக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் வளைவு. இப்படி வளைந்து வளைந்து முறிவதைத்தான் உலோகத்தின் களைப்பு என்கிறார்கள். 1842இல் பிரான்ஸில் வெர்சாய் ரயில் விபத்தில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள், இன்ஜினின் அச்சு முறிந்ததுதான் காரணம். ஒருமுறை தாங்கும் சுமையை உலோகம் லட்சம் முறை தாங்காது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து நிறுவினார். பக்கவாட்டு அசைவு நட்டையே கழற்றிவிடும் என்பதை கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் காட்டினார். ஆக, பிடி தளர்ந்தால் ஒன்று நட் கழலும், இல்லை ஸ்டட் முறியும். முறிவது பெரும்பாலும் நட்டுக்குள் நுழையும் முதல் மரையில், ஏனென்றால் சுமையில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு மரை மேலேயே விழுகிறது.

மெக்கானிக் சந்தேகப்பட்டதும் நடக்கக்கூடியதுதான். 60 கிலோ ஆள் அரை மீட்டர் பைப்பின் நுனியில் ஏறி நின்றால் 290 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும், மேலே சொன்ன கணக்கின்படி 12 டன் இழுவை. 10.9 என்ற வலிமைத் தர ஸ்டட் 10 டன்னுக்குள்ளேயே அறுந்துவிடும். அப்போதே அறுந்தால்கூட நல்லது. அறுகிற அளவுக்குப் போகாமல் நிரந்தரமாக நீண்டுபோன ஸ்டட்தான் பயங்கரம், வெளியில் ஒன்றும் தெரியாது.

எதனால் உடைந்தது என்று துண்டே சொல்லிவிடும், அதனால் அதைத் தூக்கிப்போடாதீர்கள். அதிக இறுக்கத்தில் அறுந்தது என்றால் அந்த இடம் இளைத்து, மரைகள் ஒன்றுக்கொன்று விலகி, முகம் சொரசொரப்பாக இருக்கும். களைப்பில் முறிந்தது என்றால் முகம் வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை பின்வாங்கிய தடம் போல வளைகோடுகளோடு இருக்கும், கடைசியில் சட்டென்று விட்ட ஒரு சிறு பகுதி மட்டும் கரடாக. என் கையில் வந்தது இரண்டாவது வகை. மெக்கானிக்கிடம் காட்டினேன், ரிம்மைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார்.

சரி, உடைந்துவிட்டது, என்ன செய்வது? நான்கில் இரண்டு போய்விட்டால் ஓட்டவே ஓட்டாதீர்கள், வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஒன்று மட்டும் போயிருந்தால், மற்றவற்றை இறுக்கிவிட்டுப் பக்கத்துப் பட்டறைவரை மெதுவாக உருட்டலாம், அவ்வளவுதான். உடைந்ததை மட்டும் மாற்றிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த பக்கத்து ஸ்டட்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதனால் அந்தச் சக்கரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், நட்டுகளையும் சேர்த்து.

ஸ்டட் ஹப்பின் பின்பக்கமிருந்து, கழுத்தில் உள்ள பற்கள் கவ்வும்படி இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். என் வண்டியில் பின் பிரேக் டிரம்மிலேயே இருந்ததால் டிரம்மைக் கழற்றி லேத் பட்டறையில் பிரஸ் வைத்துத் தள்ளினோம், நடுவில் உள்ள அச்சு நட்டுக்குப் புதிது போட்டோம். வண்டியிலேயே வைத்துச் சுத்தியலால் அடித்தால் பேரிங் கெட்டுவிடும். புதியதை நட்டால் இழுத்து ஏற்றும் வழியும் உண்டு, வாஷர்களை அடுக்கி, ஒரு பழைய நட்டைப் போட்டு, தலை ஹப்பில் ஒட்டும்வரை இழுப்பார்கள். அந்த நட்டை அப்புறம் சக்கரத்துக்குப் போடக் கூடாது. சில ஐரோப்பியக் கார்களில் ஸ்டட் கிடையாது, போல்ட்தான். தலை அறுந்தால் இழுவை போய்விடுவதால், உள்ளே மாட்டிய துண்டு பல சமயம் விரலுக்கே சுழன்று வந்துவிடும்.

மாட்டும்போது ஹப்பையும் ரிம்மின் பின்முகத்தையும் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்தேன், நட் குழிகளில் பெயின்ட்டே இல்லாமல் எடுத்தேன். ஜாக்கியில் இருக்கும்போதே குறுக்கும் நெடுக்குமாக மெல்ல இறுக்கி, தரையில் இறக்கியபின் 85க்குக் கொண்டுவந்தேன். 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரெஞ்ச் வைத்தேன். பின்சக்கரத்தில் எதுவும் அசையவில்லை. முன்னால் வலது பக்கம், அதே நாளில் பெயின்ட் அடித்த ரிம்மில், இரண்டு நட் கால் சுற்று திரும்பியபிறகுதான் ‘க்ளிக்’ என்றது. அன்று மாலையே மீதி மூன்று சக்கரத்தையும் கழற்றிச் சுரண்டினேன், அந்த முன்சக்கரத்துக்கும் புது ஸ்டட் சொல்லிவைத்திருக்கிறேன்.