தோள்சீலை நாடகத்துக்கு ரெடிமேட் ஜாக்கெட் போதாது

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா நெருங்கினால் என் தையல் கடைக்கு இரண்டு நாடகங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரை வென்ற குளச்சல் போர். இன்னொன்று, மேலுடம்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம். சரித்திர உடை தைப்பது என் தொழில். மற்ற மாதங்களில் எல்லாரையும் போலச் சுடிதாரும் ப்ளவுஸும்தான்.

குளச்சல் போருக்கு வாடகை உடையே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பு வெல்வெட் அங்கி, அட்டைக் கிரீடம், ஒட்டு மீசை. கட்டபொம்மனுக்கும் அதுதான், அக்பருக்கும் அதுதான், மார்த்தாண்ட வர்மாவுக்கும் அதுதான். 1741-இல் நடந்த போரைக் காட்டும்போது அதைச் சகித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த காட்சியிலேயே, 1750-இல் ராஜ்யத்தைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைக்கும் திருப்படிதானத்தில், அதே வெல்வெட் அங்கியோடு மன்னர் சன்னிதிக்குள் வந்து நிற்பார். அந்தக் கோயிலுக்குள் இன்றைக்கும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே மன்னருக்கு ஒரு நல்ல வேட்டியும் இடுப்பில் நேரியதும் (கரை வைத்த மேல்துண்டு) போதும், செலவும் மிச்சம். அப்புறம், ராணிக்கு மாதிரி என்று போனில் ஓவியர் ரவி வர்மா வரைந்த படத்தைக் காட்டுவார்கள். அவர் பிறந்ததே 1848-இல்தான்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். தோள்சீலை நாடகத்தில் அப்படி விட முடியாது. அங்கே உடைதான் கதை.

"அக்கா, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ஜாக்கெட், மேல ஒரு துண்டு. அவ்வளவுதான்" என்பார் டீச்சர்.

"முதல் சீன்லயே எல்லாரும் ஜாக்கெட்டும் துண்டுமா நின்னா, அப்புறம் எதுக்கு டீச்சர் போராட்டம்?" என்று நான் கேட்பேன்.

திருவிதாங்கூரில் யார் மேலுடம்பில் எதை உடுத்தலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது, அரசாணை அதற்குக் காவல் நின்றது. கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், ஆனால் அதன்மேல் தோள்சீலை கூடாது என்றது 1829 ஆணை. குப்பாயம் என்பது சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிள்ளைமாரும் உடுத்திய தொளதொளச் சட்டை. கடைசியாக 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆணையில்தான் எல்லா நாடார் பெண்களுக்கும் மார்பை மறைக்கும் உரிமை கிடைத்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஆக, சண்டை ஜாக்கெட்டுக்கு மட்டும் நடந்ததில்லை, தோளில் கிடந்த அந்த ஒற்றைத் துணிக்கும் சேர்த்து நடந்தது. மேடையில் எல்லார் தோளிலும் முதலிலிருந்தே துண்டு கிடந்தால் பார்க்கிற பிள்ளைக்கு ஒன்றுமே விளங்காது.

அதனால் மூன்று நிலையாகப் பிரித்துத் தைக்கச் சொல்வேன். முதலில் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டிய காடாத்துணி. வரலாற்றில் அது இடுப்போடு நின்றது, உண்மைதான். ஆனால் மேடையில் நிற்பது நம் வீட்டுப் பிள்ளைகள், தோள் தெரிந்தாலே சேதி போய்ச் சேர்ந்துவிடும். உள்ளே லைனிங் கொடுத்து, மேல் ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துக் குழாய் மாதிரி தைத்துவிட்டால் ஓடினாலும் நழுவாது. இரண்டாவது, குப்பாயம். இதற்கு இன்றைய ப்ளவுஸ் வெட்டு ஆகாது. டாட் (உடம்பு வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) பிடிக்கக் கூடாது, உடம்பை ஒட்டக் கூடாது. நேர் வெட்டாக முன்னும் பின்னும், கைக்கு நேர்த்துண்டு, அக்குளில் ஒரு சதுரத் துண்டு. அந்தச் சதுரம் இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது மொத்தச் சட்டையும் மேலே ஏறும், தையலும் அங்கேதான் முதலில் விடும். முதுகில் ஜிப் வைக்கவே வைக்காதீர்கள், முன்பக்கம் நாடா போதும். மூன்றாவது, அதன்மேல் மடித்துப் போடும் வெள்ளைத் துணி. மேல்சாதிப் பெண்ணாக வருபவளுக்கு இது முதல் காட்சியிலிருந்தே இருக்க வேண்டும், அரசர் முன்னாலும் சன்னிதியிலும் அவளும் அதை இறக்க வேண்டும். இந்த ஒரு அசைவை மட்டும் ஒத்திகையில் சேர்த்துப் பாருங்கள், வசனம் பாதி குறைந்துவிடும்.

துணியைப் பிடித்து இழுக்கும் காட்சி வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். தோள்சீலையை ஊக்கு குத்தி நிறுத்தாதீர்கள். இழுத்தால் ஊக்கு திறந்து கழுத்தில் கீறும். சும்மா சொருகி விடுங்கள், இழுப்பவர் தொட்டதும் அந்தப் பெண்ணே விட்டுவிடட்டும். கீழ்த்துணிக்கும் இதற்கும் எங்கேயும் தையல் தொடர்பு இருக்கக் கூடாது.

பந்தமும் குத்துவிளக்கும் மேடையில் இருந்தால் பாலியஸ்டர் கூடவே கூடாது. உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, கெட்டியாக மணி போலத் திரண்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பருத்தியும் பற்றத்தான் செய்யும், அதனால் நிஜ நெருப்பு இல்லாமல் பேட்டரி விளக்கு வைத்தால் எனக்கு இன்னும் நிம்மதி.

சிலர் பாட்டியின் பழைய நேரியதையோ சட்டையையோ கொண்டுவந்து வெட்டித் தரச் சொல்கிறார்கள். நான் வெட்டுவதில்லை. மேசைமேல் விரித்து அளவெடுத்து, காகிதத்தில் மாதிரி வரைந்துகொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவேன். பழைய துணியைப் பிளாஸ்டிக் கவரில் அடைக்காதீர்கள். நம் ஊர் மழைக்கு ஈரம் கட்டி மஞ்சள் புள்ளி விழும். துவைத்த வெள்ளை மல்லில் சுற்றி வையுங்கள், கஞ்சி மட்டும் வேண்டாம், கஞ்சிக்குப் பூச்சி வரும். சரிகை இருந்தால் அந்த இடத்தில் மடிப்பு விழாமல் சுருட்டுவது நல்லது, ஒரே மடிப்பில் கிடந்தால் கம்பி அங்கேதான் ஒடியும்.

உடை சொல்ல வரும்போது நாடகப் பிரதியைக் கையோடு கொண்டுவாருங்கள். யார் எந்தக் காட்சியில் உடை மாற்றுகிறார்கள், மாற்ற எவ்வளவு நேரம் என்று தெரிந்தால்தான் நாடாவா கொக்கியா என்று முடிவு செய்ய முடியும். பிள்ளைகளை நேரில் அழைத்துவந்தால் இன்னும் நல்லது. 'ஒன்பதாம் வகுப்பு சைஸ்' என்று ஒரு அளவு எந்த இஞ்சு டேப்பிலும் கிடையாது.